பழைய துப்பாக்கியைப் பழையபடியே புதுசாக்குவது எப்படி?

உங்களிடம் ஓர் எம்1 காரண்ட் ரைபிள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் இருப்பது அமெரிக்காவில் என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்வோம். மதுரையிலோ மன்னார்குடியிலோ உட்கார்ந்துகொண்டு அது உங்களிடம் இருந்தால், கட்டுரையை இத்துடன் மூடிவிட்டு ஒரு நல்ல வக்கீலைப் பார்ப்பது உத்தமம்.

அமெரிக்காவில் இது சகஜம். ஒரு காலத்தில் சிப்பாய்கள் தோளில் சுமந்த காரண்டுகளை, அலபாமா மாநிலத்து ஆனிஸ்டனில் இருக்கும் ‘சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம்’ என்ற அமைப்பு குடிமக்களுக்கு விற்கிறது. சர்வீஸ் கிரேடு, ஃபீல்டு கிரேடு, ரேக் கிரேடு என்று தேய்மானத்துக்கு ஏற்பத் தரம் பிரித்திருப்பார்கள். டென்மார்க்குக்கும் கிரீஸுக்கும் போய்ப் பல பத்தாண்டுகள் கழித்து ஊர் திரும்பியவையும் அவற்றில் உண்டு. பெட்டியைத் திறக்கிறீர்கள். மேலே பழுப்புக் களிம்பு. துடைத்தால் சாம்பல் நிறம். சாம்பல் தேய்ந்த இடங்களில் வெள்ளி நிறம். அதன் ஓரத்தில் கொஞ்சம் துரு. சினிமாவில் பார்த்தது இப்படி இல்லையே என்று மனம் ஒடிந்துபோகிறது.

கவலை வேண்டாம். 1943-இல் ராணுவம் செய்த பொருளை 1943-இல் செய்தது போலவே காட்டுவதற்கு இன்று நீங்கள் செய்ய வேண்டியவற்றைக் கீழே சொல்கிறேன். தேவையானவை: அமிலம், நீளமான எவர்சில்வர் தொட்டி, மணல் வீசும் எந்திரம், ஏராளமான வாரக் கடைசிகள், சகிப்புத்தன்மை மிக்க குடும்பம். எல்லாவற்றுக்கும் மேலாக வரலாற்றின் மீது தீராத பற்று. பற்று இல்லாதவன் துப்பாக்கிக்கு எண்ணெய் தடவி அலமாரியில் வைத்துவிடுவான். அவனால் அதற்கு ஒரு சேதமும் வராது.

குலம் கோத்திரம்

வேலையைத் தொடங்குமுன் கொஞ்சம் வம்ச வரலாறு. பின்னால் விற்கும்போது பேச உதவும்.

ராணுவத் துப்பாக்கிகள் எல்லாக் காலத்திலும் கறுத்திருக்கவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாய்கள் ஏந்திய 1861 மாடல் ஸ்பிரிங்ஃபீல்டின் குழல் பூச்சு எதுவும் இல்லாமல் பளபளத்தது. அந்தப் பளபளப்பைக் காப்பாற்றுவது சிப்பாயின் தலையெழுத்து. ஓய்வு கிடைத்தபோதெல்லாம் தேய்த்தான். வெயிலில் படை நடந்தால் தூரத்திலேயே மின்னும். எதிரிக்கும் சேர்த்து மின்னும். இதற்கு மாற்றாகத் துருவையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். இரும்பின் மேல் மெலிந்த அமிலக் கரைசலைப் பூசி, ஈரக் காற்றில் வைத்துத் துருப்பிடிக்க விட்டு, தேய்த்து, மறுபடியும் துருப்பிடிக்க விட்டால் பழுப்புப் படலம் உண்டாகும். துருப்பிடித்த பாகத்தைக் கொதிநீரில் போட்டால் செந்துரு கருந்துருவாக, அதாவது மேக்னடைட்டாக, மாறும். செந்துரு உதிரும் குணமுள்ளது. கருந்துரு ஒட்டிக்கொண்டு காவல் நிற்கும். புளூயிங் என்று சொல்லி ஆளாளுக்கு மெச்சும் அந்தக் கருநீலம் முழுக்க முழுக்க நல்ல நடத்தையுள்ள துரு.

பாஸ்பேட் பின்னால் வந்தது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் தாமஸ் வாட்ஸ் காஸ்லெட் என்பவர் 1906-இல் ஒரு காப்புரிமை எடுத்தார். பாஸ்பாரிக் அமிலத்தில் இரும்புத் தூளைப் போட்டுக் காய்ச்சி, அதில் இரும்புச் சாமானை முக்கினால் மேற்பரப்பிலேயே பாஸ்பேட் படிகங்கள் முளைத்துவிடும். அடுத்தடுத்து வந்தவர்கள் துத்தநாகத்தையும் மாங்கனீசையும் சேர்த்து அதை மேம்படுத்தினார்கள். அமெரிக்காவில் கிளார்க் பார்க்கர் என்பவர் இந்த உரிமைகளை வாங்கி, வீட்டுச் சமையலறையில் வைத்துப் பரிசோதித்தார். 1915-இல் மகன் வைமனுடன் சேர்ந்து கம்பெனி தொடங்கினார். பார்க்கரைசிங் என்ற பெயர் அப்படி வந்தது. முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், 1918-இல், ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலை தன் 1903 மாடல் ரைபிள்களுக்கு அதை எடுத்துக்கொண்டது. ‘இதையெல்லாம் அடுப்படியில் வைத்துச் செய்வார்களா?’ என்று வீட்டில் கேட்டால் பார்க்கர் குடும்பத்தைச் சுட்டிக்காட்டுங்கள். பார்க்கர் வீட்டம்மாவின் கருத்தைக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுங்கள்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலர் தவறவிடுவது. பாஸ்பேட் பூச்சு தனியாக நின்று துருவைத் தடுப்பதில் பெரிய சமர்த்து அல்ல. அதன் படிகங்களுக்கு இடையே நுண்ணிய இடுக்குகள் இருக்கின்றன. அவை எண்ணெயைப் பிடித்துவைத்துக்கொள்ளும். காப்பது எண்ணெய், பாஸ்பேட் அதற்குக் குடியிருக்க இடம் கொடுக்கிறது. கூடவே வெளிச்சம் பட்டால் மின்னாது, பெயின்ட் போல உரிந்து வராது. ராணுவத்துக்கு வேண்டியது அவ்வளவுதான். அழகு பார்க்க அங்கே ஆள் கிடையாது.

பாஸ்பேட்டுக்கு நம் பக்கத்திலும் ஒரு பெரியவர் உண்டு. தில்லி இரும்புத் தூண் இத்தனை நூற்றாண்டு துருவுக்கு இரையாகாமல் நிற்பதற்கு, பாஸ்பரஸ் மிகுந்த அதன் இரும்பின் மேல் தானாகவே உண்டான இரும்பு ஹைட்ரஜன் பாஸ்பேட் படலமே காரணம் என்று கான்பூர் ஐஐடியின் ஆர். பாலசுப்ரமணியம் விளக்கினார். நல்ல வேளையாக அந்தத் தூணைப் புதுசாக்கித் தருகிறேன் என்று எவரும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

களிம்பை எடுப்பது

துப்பாக்கியைச் சுற்றியிருக்கும் பழுப்புப் பிசினுக்குக் காஸ்மோலின் என்று பெயர். பெட்ரோலியத்திலிருந்து எடுத்த மெழுகு போன்ற துருக்காப்பு. கிடங்கில் பல்லாண்டு கிடக்கப்போகும் ஆயுதத்தின் எல்லா இடுக்கிலும் அதை அப்பிவைப்பார்கள். கட்டைக்குள்ளும் ஊறியிருக்கும். துப்பாக்கியைச் சுட்டுச் சூடேறினால் வேர்வை போல வெளியே கசியும்.

எடுக்கும் முறைகள் பல. கறுப்புப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் உருகி வடியும். மண்ணெண்ணெய் வகையறாக்களிலும் கரையும். இரண்டும் நல்ல முறைகள், ஆகவே உங்களுக்குப் பிடிக்காது. வீட்டில் ஆளில்லாத நேரமாகப் பார்த்துப் பாத்திரம் கழுவும் எந்திரத்திலோ ரொட்டி சுடும் அடுப்பிலோ வைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் அடுத்த கிறிஸ்துமஸ் கேக்கிலும் இரண்டாம் உலகப் போரின் வாசனை வரும்.

பூச்சைத் தொலைப்பது

இப்போதுதான் நிஜமான வேலை. தேய்ந்தும் கறுத்தும் இருக்கும் பழைய பூச்சை அடியோடு எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் எல்லாக் கோணத்திலும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ‘எப்படி இருந்தது, எப்படி ஆக்கினேன் பார்’ என்று நண்பர்களுக்குக் காட்ட வேண்டாமா?

வினிகரில் ஊறப்போட்டால் புளூயிங் கரைந்துவிடும். பாஸ்பேட்டும் வெகுநேரம் தாக்குப்பிடிக்காது. ஆனால் வினிகருக்கு வேகம் போதாது. மோட்டாரில் சுழலும் துணிச்சக்கரத்தில் பாலிஷ் மருந்தைப் பூசி இரும்பை அழுத்திப் பிடியுங்கள். ஐந்தே நிமிடத்தில் அற்புதங்கள் நிகழும். ஆயுதசாலை வெட்டிய கூரிய விளிம்புகள் சோப்புக்கட்டி போல உருளும். திருகாணித் துளைகளின் வாய் குழிந்து கிண்ணமாகும். தொழிற்சாலைப் பெயரும் எண்ணும் பாதி ஆழத்துக்கு வந்துவிடும். அந்த எண்ணைத் தப்பித்தவறி முழுசாக அழித்துவிட்டால் அமெரிக்காவிலும் உங்களுக்கு வக்கீல் தேவைப்படுவார்.

அல்லது மணல் வீச்சு. பாஸ்பேட் சீராகப் பிடிக்கவும் மின்னாமல் இருக்கவும் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்க வேண்டும் என்பது உண்மை. ஆயுதசாலைகளிலும் மணல் வீசித்தான் தொட்டியில் இறக்கினார்கள். குழலின் இரு முனைகளையும் ரப்பர் கொண்டு அடைக்காமல் வீசினால் உள்ளே இருக்கும் சுருள் வரிகள் போய்விடும், குறி பார்க்கும் தொல்லை அத்துடன் ஒழிந்தது. நிஜ மணலை உபயோகித்தால் அந்தத் தூசி நுரையீரலுக்குள் போய் அங்கேயே குடியேறும். அலுமினியம் ஆக்சைடோ கண்ணாடி மணியோ வாங்குவது மேல். சுத்தம் செய்கிறோம் என்று கோயில் சுவர்களில் மணல் வீசிக் கல்வெட்டு எழுத்துகளை மழுங்கடித்த கதை தமிழ்நாட்டுக்காரர்களுக்குத் தெரியும். அந்த உற்சாகம் இங்கேயும் செல்லும். சுவர் வெள்ளையாகிவிடும், என்ன எழுதியிருந்தது என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

சின்னச் சங்கடம்

இந்தக் கட்டத்தில் சிலருக்குச் சந்தேகம் வரும். நாம் அழித்தது 1943-இன் பூச்சுதானா?

பெரும்பாலும் அல்ல. காரண்டை ராணுவம் ஏற்றுக்கொண்டது 1936-இல். ஐம்பதுகளின் பிற்பகுதி வரை ஏறக்குறைய 54 லட்சம் செய்யப்பட்டன. போரின்போது ஸ்பிரிங்ஃபீல்டும் வின்செஸ்டரும் செய்தன. ஐம்பதுகளில் ஹாரிங்டன் அண்டு ரிச்சர்ட்சனும், டிராக்டர் செய்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரும் சேர்ந்துகொண்டன. போர் முடிந்ததும் போர்க்காலத் துப்பாக்கிகளை வண்டி வண்டியாகப் பட்டறைகளுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒவ்வொன்றையும் கழற்றி, விசைகளை ஒரு தொட்டியிலும் போல்ட்டுகளை இன்னொரு தொட்டியிலும் கொட்டி, தேய்ந்ததைக் கழித்து, மிஞ்சியதற்கு மணல் வீசி, மறுபடி பார்க்கரைஸ் செய்து, கைக்கு வந்த பாகங்களைக் கோத்து அனுப்பினார்கள். காரண்டில், குழலையும் போல்ட்டையும் தாங்கும் நடுப்பாகமான ரிசீவரைத் தவிர வேறு பாகத்துக்கு வரிசை எண் கிடையாது. எது எதனுடன் பிறந்தது என்று யாருக்கும் அக்கறையில்லை. வேலை முடிந்ததற்கு அடையாளமாக ரிசீவரின் காலில் மின்பேனாவால் பட்டறையின் சுருக்கெழுத்தையும் மாதத்தையும் கிறுக்கியதும் உண்டு. பென்சில்வேனியாவின் லெட்டர்கென்னி கிடங்கில் ‘எல்.இ.ஏ.டி.’ என்று எழுதினார்கள்.

சேகரிப்பாளர்களின் பேச்சில் ‘பப்பா’ என்று ஒரு பாத்திரம் அடிக்கடி வருவான். தபாலில் மலிவாக வாங்கிய ராணுவ ரைபிளை மான் வேட்டைக்கு ஏற்றபடி ஹாக்ஸா பிளேடால் அறுத்தவன், பார்த்த இடத்திலெல்லாம் துளை போட்டவன். அவன் பெயரைச் சொன்னாலே கெட்ட வார்த்தை மாதிரிக் காதைப் பொத்திக்கொள்வார்கள். ஆனால் கணக்குப் பார்த்தால் வரலாற்றிலேயே மிகப் பெரிய பப்பா அமெரிக்க ராணுவம்தான். முதல் உலகப் போரின் எம்1917 ரைபிள்கள் புளூயிங்குடன் பிறந்தவை. இரண்டாம் போர் வந்ததும் அவற்றை எடுத்துச் சாம்பல் பாஸ்பேட்டில் முக்கியெடுத்தார்கள். பிரிட்டிஷ்காரர்களுக்கு அதற்கும் பொறுமையில்லை. போருக்குப் பின் தங்கள் லீ என்ஃபீல்டு ரைபிள்களைப் பழுது பார்த்தபோது பாஸ்பேட்டின் மேல் சன்கோரைட் என்ற கறுப்புப் பெயின்டை அடித்து அடுப்பில் சுட்டு அனுப்பினார்கள். ரஷ்யர்கள் ஒரு படி மேலே. ஜெர்மானியரிடம் கைப்பற்றிய மவுசர் ரைபிள்களைக் கழற்றிக் கலந்து, கரும் புளூயிங்கில் முக்கி, ஒன்றோடொன்று சேராத பாகங்களில் மின்பேனாவால் ஒரே எண்ணை எழுதி, கட்டைக்கு அரக்கு வார்னிஷ் அடித்து அடுக்கினார்கள். இன்று அந்த அரக்கைச் சுரண்டி, ரஷ்ய முத்திரையை நிரப்பி, ஜெர்மன் புளூயிங் போட்டு, அந்தத் துப்பாக்கியை மறுபடியும் தோற்காத ஜெர்மனிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. 1945-இல் சரணடைந்தபோது ஜப்பானிய ரைபிள்களிலிருந்து அராவி எடுத்த பேரரசரின் சாமந்தி முத்திரையைத் திரும்ப வெட்டித் தருபவர்களும் உண்டு. சரணாகதியையே ரத்து செய்துவிடும் கைவேலை.

ஆக, உங்கள் துப்பாக்கி 1943-இல் பிறந்து, 1947-இல் ஒரு முறையும் அறுபதுகளில் ஒரு முறையும் தோலுரிந்து வந்ததாக இருக்கலாம். எது அசல்? நீங்கள் தேர்ந்தெடுப்பதுதான். ரிசீவர் எண்ணைக் கொண்டு மாதத்தைக் கண்டுபிடித்து, அந்த மாதத்துக்குப் பொருந்தும் வரைபட எண் பொறித்த போல்ட்டையும் விசைக்கூட்டையும் ஒவ்வொன்றாக வாங்கிச் சேருங்கள். பட்டறை ஊழியன் தொட்டியில் கைவிட்டு எடுத்துக் கோத்த பாகங்களைக் கழற்றிவிட்டு, அவை ‘சரியானவை’ அல்ல என்று விற்றுவிடுங்கள். வாங்குகிறவர் வேறொரு மாதத்துக்காக அலைந்துகொண்டிருப்பார்.

தொட்டி

பார்க்கரைசிங் கரைசலைக் காய்ச்சித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, 90 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். தொட்டி எவர்சில்வராக இருப்பது அவசியம், ஏனென்றால் அதன் மேல் பாஸ்பேட் பிடிக்காது. இதே காரணத்தால் காரண்டின் வாயு உருளையிலும் பிடிக்காது. அது எவர்சில்வர் வகை எஃகு. ராணுவம் அதற்கு வேறு விதமாகக் கறுப்பேற்றியது. அந்தக் கறுப்பும் சீக்கிரம் உதிர்ந்துபோய்ப் போர்க்காலப் புகைப்படங்களில் துப்பாக்கியின் மூக்கு மட்டும் வெளுத்துத் தெரியும். நீங்கள் அதையும் தொட்டியில் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் காத்திருக்கலாம். தியானத்துக்கு நல்லது.

இரும்பை இறக்கியதும் நுரைக்கும். அமிலம் இரும்பைக் கொஞ்சம் தின்று ஹைட்ரஜனை விடுகிறது; அந்த இடத்தில் படிகம் உட்காருகிறது. நுரை அடங்கினால் வேலை முடிந்தது. ஹைட்ரஜன் எரியும் வாயு, ஜன்னலைத் திறந்து வைத்து முகக் கவசமும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. இதே ஹைட்ரஜன் கடினமான எஃகுக்குள்ளும் புகுந்து அதை முறியும் பண்டமாக்கும் என்பதால் ஸ்பிரிங்குகளை இந்தத் தொட்டிப் பக்கமே கொண்டுவரக் கூடாது.

மணல் வீசிய இரும்பை வெறுங்கையால் தொட்டால் உங்கள் விரல் ரேகை பாஸ்பேட்டில் அச்சாகிவிடும். இதை முத்திரை என்று சொல்லிச் சமாளிக்கலாம்.

இனிமேல்தான் தலைவலி: நிறம். துத்தநாகம் வெளிர் சாம்பல் தரும். மாங்கனீசு அடர்ந்த கரிநிறம் தரும். எந்த ஆயுதசாலை எந்த ஆண்டில் எதை ஊற்றியது என்பதில் தொடங்கி நள்ளிரவு வரை சண்டை போடும் நல்ல நண்பர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அவர்கள் அனைவரும் துடிக்கும் ஒரு நிறம் உண்டு: பச்சை கலந்த சாம்பல். பழைய காரண்டுகள் சிலவற்றில் அது இருக்கிறது. காஸ்மோலின் ஊறியதால் வந்தது என்பார் ஒருவர். கடைசியாகக் குரோமிக் அமிலத்தில் அலசியதால் வந்தது என்பார் இன்னொருவர். வயசானால் வரும் நிறம் என்பார் மூன்றாமவர். பச்சை வேண்டுமென்றே தயாரித்த கரைசல்கள் கடையில் கிடைக்கின்றன. காஸ்மோலின் கட்சிக்காரர்களுக்கு இன்னும் சுலபமான வழி இருக்கிறது. சூடாக இருக்கும்போதே களிம்பை அப்பி, கிரீஸில் ஒரு கிடங்கு பிடித்து, ஐம்பது ஆண்டுகள் வைத்தால் போதும்.

ஒரே துப்பாக்கியில் நாலு சாம்பல் இருப்பது தவறு என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு பாகத்தின் எஃகும் வேறு, கடினப்படுத்திய முறையும் வேறு. ஒரே கரைசலில் ஒரே நேரம் முக்கினாலும் நிறம் மாறித்தான் வரும். தொட்டியும் காலையில் ஒரு மாதிரியாகவும் மாலையில் வேறு மாதிரியாகவும் இருக்கும். போர்க்காலத்தில் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் வெளியே போய்க்கொண்டிருந்தபோது, ‘இந்த போல்ட் கொஞ்சம் பச்சையாக இருக்கிறதே’ என்று தூக்கிக்கொண்டு வந்தவனை மேஸ்திரி என்ன சொல்லியிருப்பார்! உங்கள் பிரச்சினையே இங்கேதான். உங்களுக்கு அக்கறை அதிகம். போர்க்காலப் பூச்சு அக்கறையில் வராது. மூன்றாவது ஷிஃப்ட், கால்வலி, கரைசலை மாற்ற நேரமில்லாத அவசரம், பூச்சு திட்டுத்திட்டாக இருந்தாலும் சுட்டால் சரி என்ற மனநிலை, இத்தனையும் வேண்டும். கடையில் எந்தப் பாட்டிலிலும் இது கிடைக்காது.

புளூயிங் பிரியர்களுக்கு

பாஸ்பேட் பிடிக்காதவர்களுக்கு மூன்று வழிகள்.

முதல் வழி துரு புளூயிங். பூசு, துருப்பிடிக்க விடு, வேகவை, மென்கம்பித் தூரிகையால் தேய், மறுபடி பூசு. பல சுற்று போக வேண்டும். அவசரப்பட முடியாது, தவிர்க்கவும்.

இரண்டாவது சூடான காஸ்டிக் தொட்டி. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்து 140 டிகிரி அளவில் கொதிக்கும். பத்திருபது நிமிடத்தில் கரும் பளபளப்பு. தண்ணீர் குறைந்துவிட்டதென்று ஒரு குவளையைச் சடாரென்று ஊற்றினால் அது அந்த நொடியே ஆவியாகி, தொட்டியில் இருப்பதை உங்கள் முகத்துக்கு அனுப்பிவைக்கும். அலுமினியப் பாகத்தைப் போட்டால் கரைத்துக் குடித்துவிடும். இரட்டைக் குழல் துப்பாக்கியைப் போட்டால் இரண்டு ஒற்றைக் குழலாகத் திரும்பி வரலாம். இரண்டையும் பிணைக்கும் ஈய வெள்ளீயப் பற்றைக் காஸ்டிக் தின்றுவிடும். நம்மூர் வங்கி வாசலில் இரட்டைக் குழலுடன் உட்கார்ந்திருக்கும் காவலரிடம் யாராவது ‘புளூயிங் போட்டுத் தரட்டுமா?’ என்று கேட்டால் அவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘எந்த முறையில்?’

மூன்றாவது, சின்ன பாட்டிலில் வரும் குளிர் புளூயிங். செலினியம் உப்பும் தாமிர உப்பும் கலந்த நஞ்சு. பஞ்சில் நனைத்துத் தடவினால் உடனே கறுக்கும், கையோடு தேய்த்தால் கையோடு வரும். இதற்கென்று தனி நாற்றம் உண்டு. அனுபவசாலிகள் துப்பாக்கியை விலை பேசுமுன் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார்கள். வெளியாட்கள் கண்டால் ஏதோ வேண்டுதல் என்று நினைப்பார்கள்.

இவை போக, வெறும் சூட்டிலேயே எஃகு நிறம் மாறும். 220 டிகிரியைத் தாண்டினால் வைக்கோல் மஞ்சள், 300-ஐ நெருங்கினால் நீலம். ஜெர்மன் லூகர் கைத்துப்பாக்கியின் சின்னப் பாகங்களில் அந்த வைக்கோல் நிறம் இருந்தது. 1937-இல் மவுசர் ஆலை உப்புத் தொட்டிக்கு மாறியபோது அது நின்றுபோனது. ஆசைப்பட்டு உங்கள் ரைபிளின் ரிசீவரிலும் ஊதுவிளக்கைக் காட்டிவிடாதீர்கள். வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குவது அந்தப் பாகம். அதன் பலம் சூட்டில் இருக்கிறது, சூட்டை மாற்றினால் பலமும் மாறும். ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையே இதில் அடி வாங்கியது. 1903 மாடலின் ரிசீவர்களை உலையில் காய்ச்சும்போது, எஃகின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே வெப்பத்தை மதிப்பிட்டார்கள் கைதேர்ந்த பழைய தொழிலாளிகள். மேகமூட்டமான நாளில் சரியாகத் தெரியும் சிவப்பு, வெயில் கொளுத்தும் நாளில் மங்கித் தெரியும். ‘இன்னும் போதாது’ என்று மேலும் காய்ச்சுவார்கள். எஃகு கருகிப்போகும். 1917-இல் சில ரிசீவர்கள் சுடும்போதே கண்ணாடி போலச் சிதறியபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. பிறகு வெப்பமானிகள் வந்தன. ஜூலியன் ஹாட்சர் என்ற ராணுவ அதிகாரி இதை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். 8,00,000-க்குக் கீழே எண் கொண்ட ஸ்பிரிங்ஃபீல்டு ரிசீவரைச் சுட இன்றும் பலர் அஞ்சுவது இதனால்தான். வெயிலை நம்பி ஏமாந்தவர்கள் வாழ்நாளெல்லாம் உலைக்கு முன்னால் நின்றவர்கள். நீங்கள் சனிக்கிழமை மட்டும் நிற்பவர்.

பழசாக்குவதும் விற்பதும்

எல்லாம் முடிந்து துப்பாக்கி நேற்றுத்தான் ஆலையை விட்டு வந்தது போல நிற்கிறது. அதனால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆகவே இனிப் பழசாக்க வேண்டும். சிப்பாயின் கை பிடித்த இடத்திலும், தோல் வார் உரசிய இடத்திலும், போல்ட் ஓடித் தேய்க்கும் தடத்திலும் மெல்லிய ஸ்டீல் வூலால் தேயுங்கள். பல ஆண்டுகள் முன்பின் தெரியாத ஆட்கள் இலவசமாகச் செய்து தந்திருந்த வேலைதான், நீங்கள் முதல் வாரம் எடுத்துப் போட்டீர்கள். இப்போது சொந்தக் கையால் செய்கிறீர்கள், பெருமையாக இருக்கும்.

விளம்பரம் எழுதும்போது ஒரு தாத்தா அவசியம். அவர் இதை நார்மண்டி கடற்கரையில் ஏந்திக்கொண்டு இறங்கியிருக்க வேண்டும். துப்பாக்கி செய்யப்பட்ட மாதத்தை முதலில் பார்த்துவிட்டுப் போர்க்களத்தைத் தேர்ந்தெடுங்கள். 1945 மார்ச்சில் பிறந்த துப்பாக்கியுடன் 1944 ஜூனில் கரையேறிய தாத்தாக்கள் சந்தையில் ஏற்கெனவே அதிகம். வீட்டுக்கு எடுத்துவர ராணுவம் எப்படி விட்டது என்ற கேள்விக்கும் ஒரு பதில் யோசித்து வையுங்கள்.

வாங்க வருபவர் டார்ச் விளக்குடன் வருவார். முதலில் முகர்ந்து பார்ப்பார். பிறகு மரக் கைக்காப்பைக் கழற்றி, மூடியிருந்த இடத்திலும் திறந்திருந்த இடத்திலும் குழலின் நிறம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார். எண்பது ஆண்டு வெயிலும் வேர்வையும் படாத மறைவிடம் கொஞ்சமாவது வேறுபட வேண்டும். உங்களுடையதில் வேறுபடாது. எழுத்துகளின் விளிம்பை நகத்தால் தடவுவார். விரலை எடுத்துவிட்டு ரேக் கிரேடை விடக் குறைந்த ஒரு விலையைச் சொல்வார்.

தளர வேண்டாம். உங்கள் உழைப்பு எத்தனை பெரியது என்பதை அவருக்கு நிரூபிக்க ஒரே வழிதான் இருக்கிறது. மணல் வீசுவதற்கு முன்னால் எடுத்த போட்டோவை எடுத்து நீட்டுங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்ப்பார். அவர் முகம் மலரும்.

‘இது விற்பனைக்கு இருக்கிறதா?’ என்று கேட்பார்.